‘எல்லாரும் வரிசையில நில்லுங்க!’ – காசிமேட்டு எல்.கே.ஜி. ஆசிரியைக்கு ஒரு பதில்

கேள்வி: சென்னையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கம் ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் இந்த ஜூனில்தான் எல்.கே.ஜி. ஆசிரியையாகச் சேர்ந்தேன். 28 பிள்ளைகள். மூன்றரை வயதிலிருந்து நாலரை வயது வரை இருக்கிறார்கள். உதவிக்கு ஓர் ஆயாம்மா. பாட்டு, கதை என்றால் பிள்ளைகள் நன்றாக உட்காருகிறார்கள். ஒன்றை முடித்து இன்னொன்றுக்குப் போகும்போதுதான் எல்லாம் கலைந்துபோகிறது. பொம்மையை எடுத்துவைக்கச் சொன்னால் அழுகை. கைகழுவப் போனால் தள்ளுமுள்ளு, சட்டையெல்லாம் ஈரம். ஒரு பையன் ஒவ்வொரு தடவையும் வாசலுக்கு ஓடுகிறான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏழெட்டு நிமிடம் போய்விடுகிறது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. ‘உங்க கிளாஸ் மட்டும் ஏன் சந்தை மாதிரி இருக்கு?’ என்று தாளாளர் கேட்கிறார். பள்ளி திறந்து பத்து நாளில் பழகிவிட்ட சில பிள்ளைகள்கூட ஜூன் கடைசியில் மறுபடி அழ ஆரம்பித்துவிட்டார்கள். நான் எங்கே தவறு செய்கிறேன்? என் கால அட்டவணையை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் அட்டவணையை வரி வரியாக எண்ணிப் பார்த்தேன். காலை 9 மணியிலிருந்து 12.30 வரை 12 வேலைகள்: வரிசை, வருகைப் பதிவு, பாட்டு, தமிழ், கழிப்பறை, ஸ்நாக்ஸ், ஆங்கிலம், பொம்மை, எண், கைகழுவல், சாப்பாடு, வீடு. அப்படியென்றால் பிள்ளைகள் ஒரு காலையில் 11 முறை ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாற வேண்டும். ஒரு மாற்றத்துக்கு ஏழு நிமிடம் என்றே வைத்துக்கொண்டாலும் 77 நிமிடம் ஆகிறது. மொத்தம் இருப்பதே 210 நிமிடம்தான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உங்கள் பிள்ளைகள் காத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அடுத்தவர் கழுவி முடிக்கட்டும், எல்லாரும் உட்காரட்டும், மிஸ் நோட்டைக் கொடுக்கட்டும் என்று. நாலு வயதில் சும்மா நிற்பதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. உங்கள் வகுப்பின் சத்தம் அங்கிருந்துதான் வருகிறது. உங்கள் குரலும் கண்டிப்பும் போதவில்லை என்று நினைத்து வருந்தாதீர்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். ‘பொம்மையை வச்சுட்டு, பையை எடுத்துட்டு, வரிசையில வந்து நில்லுங்க’ என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். கையில் இருப்பதை நிறுத்துவது, அடுத்தது என்ன என்று நினைவில் வைப்பது, அங்கே போவது என்று இதில் மூன்று வேலைகள் இருக்கின்றன. இவற்றைச் சேர்த்துச் செய்யும் திறமை இந்த வயதில் இப்போதுதான் முளைவிடுகிறது. அதனால் கடைசியாகச் சொன்னதுதான் பல பிள்ளைகளின் காதில் நிற்கும். பொம்மையைக் கையில் பிடித்தபடியே பாதிப் பேர் வரிசையில் வந்து நிற்பது அதனால்தான். அவர்கள் கணக்கில், மிஸ் சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டார்கள்.

ஆகவே முதலில் மாற்றங்களைக் குறைப்போம். பிறகு மிஞ்சும் மாற்றங்களில் காத்திருப்பதைக் குறைப்போம். எது எப்படி என்று பிள்ளைகளுக்குப் பழக்குவது அதற்கும் பிறகுதான். பலரும் கடைசியில் தொடங்கி, ‘கை கட்டு, வாய் பொத்து’ என்று பழக்கிப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோகிறார்கள்.

உங்கள் 210 நிமிடத்தை ஏழு துண்டுகளாக இப்படிப் பிரிக்கலாம். 9.00 முதல் 9.30 வரை வருகையும் பாய் விளையாட்டும். 9.30 முதல் 9.50 வரை எல்லாரும் சேர்ந்த வட்டம்; பாட்டும் பேச்சும் இதில் வரும். 9.50 முதல் 10.15 வரை வெளி விளையாட்டு. வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். 10.15 முதல் 10.45 வரை கைகழுவலும் ஸ்நாக்ஸும் சேர்ந்தே. 10.45 முதல் 11.35 வரை சிறு குழு வேலை. 11.35 முதல் 11.50 வரை கதை. கதை நடக்கும்போதே கைகழுவல். அதன் பிறகு சாப்பாடு, வீடு. 11 மாற்றங்கள் 6 ஆகிவிட்டன. மண்ணில் விளையாடிய கையையும் ஸ்நாக்ஸ் கையையும் ஒரே தடவையில் கழுவியாயிற்று. வருகைப் பதிவுக்குத் தனி நேரமே வேண்டாம். பிள்ளையின் படம் ஒட்டிய பெயர் அட்டையை ‘வீடு’ பலகையிலிருந்து எடுத்து ‘பள்ளி’ பலகையில் மாட்டச் சொல்லுங்கள். யார் வரவில்லை என்பது ஒரே பார்வையில் தெரியும். பதிவேட்டை நீங்கள் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

சிறு குழு நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நான்கு பாய் விரியுங்கள், பாய்க்கு ஏழு பேர். ஒன்றில் கட்டைகள், ஒன்றில் களிமண், ஒன்றில் கிரேயான், ஒன்றில் நீங்கள். 12 நிமிடத்துக்கு ஒரு முறை பிள்ளைகளை எழுப்பி இடம் மாற்றினால் மறுபடி அதே குழப்பம்தான் வரும். பிள்ளைகள் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கட்டும், நீங்கள் பாய் விட்டுப் பாய் போங்கள். 25 நிமிடம் ஆனதும் விளையாட்டுச் சாமான் தட்டுகளை மட்டும் ஆயாம்மாவும் நீங்களும் மாற்றி வையுங்கள். புளியங்கொட்டை, மணி போன்ற சின்னப் பொருள்கள் நீங்கள் உட்காரும் பாயில் மட்டும்தான் இருக்க வேண்டும். கண் பார்க்காத நேரத்தில் அவை மூக்குக்குள்ளும் வாய்க்குள்ளும் போகும்.

‘அப்ப தமிழ், எண், இங்கிலீஷ் எல்லாம் எப்ப?’ என்று தாளாளர் கேட்பார். ஆங்கிலப் பாட்டு வட்டத்தில் வந்துவிடுகிறது. எண் ஸ்நாக்ஸ் நேரத்திலேயே வரும்: ‘ரெண்டு பிஸ்கட் எடு, பக்கத்துல ஒண்ணு குடு.’ எழுத்துக்குத்தான் பாய். 28 பேரை ஒன்றாக வைத்து 25 நிமிடம் எழுத்து நடத்தினால், ஒரு பிள்ளை பென்சில் பிடிப்பதைப் பார்க்க உங்களுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. ஏழு பேரோடு 12 நிமிடம் உட்கார்ந்தால் ஆளுக்கு ஒன்றரை நிமிடத்தைத் தாண்டும். இந்தக் கணக்கையே அவரிடம் காட்டுங்கள். 2013-இல் வந்த தேசிய முன்பருவக் கல்விக் கொள்கை, 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்கு 20 பேருக்கு ஒரு பெரியவர் என்று சொல்கிறது. 30 பிள்ளைகளுக்கு 35 சதுர மீட்டர் வகுப்பறையும் வேண்டும் என்கிறது. ஆயாம்மாவையும் சேர்த்தால் உங்கள் வகுப்பு அந்த அளவுக்குள் வருகிறது. ஆனால் அவர் கழிப்பறைப் பக்கம் நிற்கும் நேரமெல்லாம் 28 பேரும் உங்கள் ஒருவரிடம்தான். எல்லாரையும் ஒரே நேரத்தில் கழிப்பறைக்கு அழைத்துப் போகும் வழக்கத்தை அதனால்தான் விடச் சொல்கிறேன். பாய் நேரத்தில் மூன்று மூன்று பேராகப் போய் வரட்டும். யாராவது ‘மிஸ், ஒண்ணுக்கு’ என்றால் எந்த நேரமானாலும் உடனே அனுப்புங்கள். பெல்ட், கொக்கி வைத்த பேன்ட் வேண்டாம், எலாஸ்டிக் போதும் என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டால் பாதி ஈரம் குறையும்.

கை கழுவும் கணக்கு

உங்கள் பள்ளியில் ஒரே குழாய் என்று தெரிகிறது. கையை நனைத்து, சோப்புப் போட்டு, 20 நொடி தேய்த்து, அலசி, துடைத்துவிட்டு நகர ஒரு பிள்ளைக்கு 40 நொடியாவது ஆகும். 28 பேருக்கு 1,120 நொடி. அதாவது 18 நிமிடம் 40 நொடி. நீங்கள் அதற்கு ஒதுக்கியிருப்பது 15 நிமிடம். கடைசியில் நிற்கும் பிள்ளை சாப்பாட்டு வாசனையை மோந்துகொண்டு 18 நிமிடம் நிற்கிறான். அவன் முன்னால் நிற்பவளைத் தள்ளாமல் இருந்தால்தான் ஆச்சரியம். எவ்வளவு அதட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது.

வேலையை இரண்டாகப் பிரியுங்கள்: தேய்ப்பது பாயில், அலசுவது தண்ணீர் இருக்கும் இடத்தில்.

குளியல் சோப்பில் கால் கட்டியைத் துருவி, பிள்ளைகள் வருவதற்கு முன்பே ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்து ஆறவையுங்கள். மூடியில் துளையிட்ட பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். அடியில் குழாய் வைத்த 20 லிட்டர் பக்கெட் இரண்டு வாங்கி, பிள்ளையின் இடுப்பு உயரத்துக்குக் குழாய் வரும்படி பெஞ்சில் வையுங்கள். இருக்கிற குழாயோடு சேர்த்து மூன்று இடம் ஆயிற்று. நீங்கள் பாயில் கதை சொல்லிக்கொண்டிருங்கள். ஆறு பேரை மட்டும் ஆயாம்மா அழைத்துப் போய்ச் சோப்புத் தண்ணீரைக் கையில் விடட்டும். அவர்கள் உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகம் என்று 20 நொடி தேய்ப்பார்கள். அலச ஆளுக்கு 15 நொடி போதும். மூன்று மூன்று பேராக இரண்டு சுற்று. அந்த ஆறு பேர் அலசும்போது அடுத்த ஆறு பேர் தேய்க்க ஆரம்பித்திருப்பார்கள். ஐந்து குழுவும் முடிய ஆறேழு நிமிடம்தான், அந்த நேரமும் மற்றவர்களுக்குக் கதை நேரம். யாரும் சும்மா நிற்கவில்லை.

தண்ணீர்ச் செலவும் குறையும். ஒரு பிள்ளைக்கு அரை லிட்டர் போதும், 28 பேருக்கு 14 லிட்டர், இரண்டு வேளைக்கு 28 லிட்டர். மெட்ரோ வாட்டர் லாரி வராத நாளில்கூட இரண்டு பக்கெட்டை நிரப்பி வைத்திருந்தால் சமாளித்துவிடலாம்.

இதிலும் சில தவறுகள் நடக்கும். ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து பேர் கையில் சோப்பு விட்டுவிட்டால் காத்திருக்கும் நேரத்தில் ஒருவன் கண்ணைக் கசக்குவான்; பிறகு அழுகைதான். ஆறு பேரைத் தாண்டாதீர்கள். பெஞ்சுக்குக் கீழே ஈரச் சாக்கு விரிக்காவிட்டால் வழுக்கும். கை துடைக்க வாசலில் ஒரே துண்டைத் தொங்கவிடும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. ஒருவருக்கு மெட்ராஸ் ஐ வந்தால் அந்தத் துண்டு வழியாக அது வகுப்பு முழுக்கப் போய்விடும். அவரவர் கைக்குட்டை சட்டையில் குத்தியிருக்கட்டும். இல்லையென்றால் கையை உதறிக் காற்றில் காயவிடுவதே நல்லது.

பொம்மையை எடுத்துவைக்கும்போது ஏன் அழுகிறார்கள்?

அரை மணி நேரம் கட்டிய கோபுரத்தைத் திடீரென்று கலைக்கச் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? ‘இன்னும் அஞ்சு நிமிஷம்’ என்று முன்கூட்டியே சொல்லுங்கள் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தருவார்கள். நாலு வயதுக்கு ஐந்து நிமிடம் என்பது வெறும் ஓசை. எண்ணிப் பார்க்கக்கூடியதாகச் சொல்லுங்கள்: ‘இன்னும் மூணு கட்டை வை, அப்புறம் மூடிடலாம்.’ அறை நடுவே நின்று கத்தாமல் ஒவ்வொரு பாயிலும் போய்க் குனிந்து, முகம் பார்த்துச் சொல்லுங்கள். நான்கு பாய்க்கும் போய்வர ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடம் பின்னால் வரும் ஐந்து நிமிட அழுகையைத் தின்றுவிடும்.

சுவரோரம் ஒரு பலகை போட்டு அதை ‘முடியாத வேலை’ பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். கலைக்க மனமில்லாத கோபுரமும் பாதியில் நிற்கும் களிமண் நண்டும் பெயர் அட்டையோடு அங்கே போகட்டும். மறுநாள் வந்து தொடரலாம். எடுத்துவைக்கும் நேரத்து அழுகைக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

28 பேரும் ஒரே கூடையை நோக்கி ஓடினால் தலையும் தலையும் முட்டும். பாய்க்கு ஒரு பெட்டி. பெட்டியின் மேல் உள்ளே போகும் பொருளின் படம். எடுத்துவைக்க ஒரு பல்லவி வேண்டும். படகு இழுக்கும்போது போடும் ‘ஏலேலோ – ஐலசா’ உங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் காதில் ஏறியிருக்கும். நீங்கள் ‘ஏலேலோ’ என்றால் அவர்கள் ‘ஐலசா’. ஒவ்வொரு ‘ஐலசா’வுக்கும் ஒரு கட்டை பெட்டிக்குள். நடுவே சொந்த வரிகளைச் சேர்த்துக்கொள்ளலாம்: ‘கட்டை எல்லாம் – ஐலசா, பெட்டிக்குள்ள – ஐலசா.’ கூட்டமாகச் செய்யும் வேலைக்குத் தாளம்தான் மேஸ்திரி. வேலை முடிந்ததும் பல்லவியையும் நிறுத்திவிடுங்கள், நீட்டாதீர்கள்.

தொண்டை கட்டியதாக எழுதியிருந்தீர்கள். ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே தட்டு. தட்டிவிட்டு நீங்கள் முட்டி போட்டு உட்காருங்கள், ஐந்து நொடி பேசாதீர்கள். பிறகு ஒரே வாக்கியம்: ‘பெட்டியை மூடுங்க.’ அது நடந்த பிறகுதான் அடுத்தது. எது செய்யக் கூடாது என்பதை விட்டு, எது செய்ய வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். ‘ஓடாதே’ என்றால் ‘ஓடு’தான் காதில் விழும், ‘மெதுவா நட’ என்று சொல்லுங்கள். டம்ளர் இரண்டு காரணங்களால் வேலை செய்யாமல் போகும். அவர்கள் கேட்கவில்லை என்று மூன்று நான்கு முறை தட்டுவது ஒன்று. தட்டியபடியே நீங்களும் பேசுவது இன்னொன்று. இரண்டும் ‘முதல் தட்டுக்குக் கவனிக்க வேண்டியதில்லை’ என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும்.

புதிய பழக்கம் எதையும் நெருக்கடி நேரத்தில் தொடங்க வேண்டாம். வட்ட நேரத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, இரண்டு பிள்ளைகளை வைத்து நடித்துக் காட்டுங்கள். பிறகு நீங்களே தப்பாகச் செய்து காட்டுங்கள். டம்ளர் சத்தம் கேட்டும் பொம்மையோடு ஓடுங்கள். ‘மிஸ், அப்படி இல்ல!’ என்று 28 பேரும் திருத்துவார்கள். மூன்று நாள் இப்படிச் செய்தால் மனதில் பதிந்துவிடும்.

படத் தொடர் ஒன்றும் அவசியம் வேண்டும். ஏழு வேலைக்கு ஏழு படம். உங்கள் பிள்ளைகளையே போனில் எடுத்து, ஜெராக்ஸ் கடையில் கலர் பிரின்ட் போட்டு லேமினேட் செய்தால் போதும். தரையிலிருந்து 85 முதல் 95 செ.மீ. உயரத்தில், பிள்ளையின் கண்ணுக்கு நேரே கட்டுங்கள். பெரியவர்கள் கண்ணுக்கு அழகாக ஐந்தடி உயரத்தில் ஒட்டினால் அது சுவர் அலங்காரமாகவே நின்றுவிடும். ஒரு வேலை முடிந்ததும் அன்றைக்கு அந்தப் பொறுப்பில் இருக்கும் பிள்ளை துணிக் கிளிப்பை அடுத்த படத்துக்கு மாற்றும். ‘அம்மா எப்ப வருவாங்க?’ என்று கேட்கும் பிள்ளைக்குக் கடிகாரம் உதவாது. ‘சாப்பாடு படம் முடிஞ்சதும் அடுத்து அம்மா’ என்று விரலால் தொட்டுக் காட்டினால் புரியும்.

ஜூன் கடைசி அழுகை

நீங்கள் கேட்டதில் என் மனதில் அதிகம் நின்றது இதுதான். அழும் பிள்ளைகள் எந்த வீட்டுப் பிள்ளைகள் என்று பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பள்ளி திறந்த நாளில் அப்பா வீட்டில் இருந்திருப்பார், அம்மா வந்து விட்டுவிட்டுப் போயிருப்பார். தடை முடிந்ததும் அப்பா கடலுக்குப் போய்விடுகிறார். அம்மா விடியும் முன்பே ஏலத்துக்கு மீன் எடுக்கத் துறைமுகத்துக்குப் போய்விடுகிறார். பிள்ளை கண் விழிக்கும்போது இருவருமே இல்லை, பாட்டிதான் பள்ளிக்கு அழைத்து வருகிறார். பள்ளியில் எதுவும் மாறவில்லை, வீடுதான் தலைகீழாகிவிட்டது. இந்தப் பிள்ளைகளுக்கு முதல் வாரத்தைப் போலவே மறுபடி தொடங்குங்கள். அடுத்த ஆண்டு ஜூன் முதல் வாரமே பெற்றோரிடம் இதைச் சொல்லி வைத்து, தடை முடிவதற்கு நான்கைந்து நாள் முன்பே பாட்டி கொண்டுவந்து விடும் பழக்கத்தை ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

விட்டுவிட்டுப் போகும் விதம் ஒரே மாதிரி, சுருக்கமாக இருக்கட்டும். பெயர் அட்டையை மாட்டு, பாட்டிக்கு ஒரு முத்தம், டாட்டா, உள்ளே. ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பிள்ளை பார்க்காதபோது நழுவிப் போகச் சொல்லாதீர்கள். அது ஒருநாள் அழுகையை நிறுத்தும், மறுநாளிலிருந்து பிள்ளை பாட்டியின் முந்தானையை விடாது. ‘கடைக்குப் போய்ட்டு உடனே வரேன்’ என்ற பொய்யும் அப்படித்தான். ‘அழுதா ஊசி போட்டுடுவாங்க’, ‘பூச்சாண்டி வரும்’ போன்ற பயமுறுத்தல் வகுப்புக்குள் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது, ஆயாம்மா உட்பட. அம்மாவின் கைக்குட்டையோ பழைய துப்பட்டாத் துண்டோ பையில் இருந்தால் நல்லது, எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

ஒரு சின்ன விஷயம். உங்கள் பக்கம் பாட்டியையும் ‘ஆயா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ‘ஆயாகிட்டப் போ’ என்று நீங்கள் சொன்னால், பிள்ளை வாசலைத்தான் பார்க்கும். பள்ளியில் இருப்பவரைப் பெயர் சொல்லி ‘அம்மா’ சேர்த்துக் கூப்பிடப் பழக்குங்கள்.

9.00 முதல் 9.30 வரை வருகையை நீட்டி வைத்ததற்கும் காரணம் உண்டு. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடினால், எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் நின்றுவிட்டால், 9 மணிக்கு வர வேண்டிய பிள்ளை 9.20-க்குத்தான் வரும். நடுவில் நுழையும் பிள்ளையை 27 பேரும் திரும்பிப் பார்க்கும் வரிசை வேண்டாம். பாயில் கட்டையும் கிரேயானும் இருந்தால் எப்போது வந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்துகொள்ளலாம்.

வாசலுக்கு ஓடும் பையன்

அவன் எந்த நேரத்தில் ஓடுகிறான் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். எழுந்து நிற்கச் சொன்ன நொடியில் ஓடினால், என்ன செய்வது என்று தெரியாத இடைவெளியை அவனே நிரப்பிக்கொள்கிறான் என்று பொருள். அவனுக்கு முதலில் வேலை கொடுங்கள். ‘நீ கதவைப் பிடிச்சுக்கோ’, ‘டம்ளரைக் கொண்டு வா.’ மற்றவர்களுக்குச் சொல்வதற்கு அரை நிமிடம் முன்பே அவனிடம் தனியாகப் போய்ச் சொல்லுங்கள். துரத்தாதீர்கள், துரத்தினால் அது விளையாட்டாகிவிடும். வாசல் தாழ்ப்பாள் 150 செ.மீ.க்கு மேல் இருக்கட்டும். பூட்டு மட்டும் போடாதீர்கள். 2004 கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகளை இழந்த மாநிலம் இது. உள்ளே இருக்கும் பெரியவர் ஒரே இழுப்பில் திறக்கும்படி கதவு இருக்க வேண்டும்.

வேலை கொடுத்தும் மாறவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதே இல்லை, சுட்டிக் காட்டினால் பார்ப்பதில்லை, பேச்சும் குறைவு என்றால் முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். பக்கத்திலேயே ராயபுரத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. காது-மூக்கு-தொண்டைப் பிரிவுக்கும் குழந்தைகள் பிரிவுக்கும் போகச் சொல்லலாம். பெற்றோரிடம் நீங்கள் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: ‘பின்னாலிருந்து கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறான், ஒரு தடவை காட்டிடலாமா?’ நோயின் பெயரை வைப்பது மருத்துவரின் வேலை.

சாப்பாட்டை ஒரு பிள்ளை பத்து நிமிடத்தில் முடிக்கும், இன்னொன்று அரை மணி நேரம் மென்றுகொண்டிருக்கும். எல்லாரும் முடிக்கும் வரை யாரையும் உட்காரவைக்காதீர்கள். முடித்தவர் டப்பாவை மூடி, வாய் கொப்பளித்து, ஷூ மாட்டிக்கொண்டு பாயில் படப் புத்தகம் பார்க்கட்டும். 28 ஷூ மாட்டும் வேலையும் அந்த இடைவெளியிலேயே கரைந்துவிடும்.

மழை நாளுக்குப் படத் தொடரில் ஒரு தனி அட்டை வைத்திருங்கள். வெளி விளையாட்டுக்குப் பதிலாகத் தரையில் கலர் டேப் ஒட்டி அதன்மேல் நடப்பது போதும், மற்ற ஆறும் அப்படியே நடக்கட்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது நடந்ததுபோலப் பல நாள் விடுமுறை விழுந்தால், திறந்ததும் இரண்டு மூன்று நாள் எல்லாவற்றையும் முதலிலிருந்து நடித்துக் காட்டுங்கள்.

இவ்வளவையும் திங்கட்கிழமையே மாற்றிவிடாதீர்கள். முதல் வாரம் கைகழுவல் மட்டும். இரண்டாவது வாரம் எடுத்துவைத்தல். பிறகு காலை வருகை, அதன்பின் புது அட்டவணை முழுவதும். ஒவ்வொன்றும் தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் ஒரு நோட்டில் குறியுங்கள். முதல் மூன்று நாள் முன்பைவிட மோசமாகத்தான் இருக்கும், பழைய பழக்கமும் புதிய பழக்கமும் முட்டிக்கொள்ளும். அதற்காக விட்டுவிடாதீர்கள். மாதக் கடைசியில் அந்த நோட்டையே தாளாளரிடம் கொடுக்கலாம்.

வீட்டுக்குப் போகும் நேரம்

நாளிலேயே அதிக ஆபத்தான பத்து நிமிடம் இது. வாசலில் பாட்டிகள், ஆட்டோக்கள், பைக்குகள். உள்ளே 28 பேரும் ஒரே நேரத்தில் எழுந்தால் யார் யாரோடு போனார்கள் என்று தெரியாது. எல்லாரும் பை மாட்டிக்கொண்டு பாயில் உட்காரட்டும். ஆயாம்மா வாசலில் நின்று யார் வந்திருக்கிறார் என்று பார்த்துச் சொல்ல, நீங்கள் அந்தப் பிள்ளையின் பெயரைக் கிசுகிசுக் குரலில் கூப்பிடுங்கள். 1939-இல் அடையாறுக்கு வந்து இங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரியின் மௌன விளையாட்டு இதுதான்: தன் பெயர் எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு பிள்ளைகள் தாமாகவே அமைதியாவார்கள். மெதுவாகக் கூப்பிடக் கூப்பிட அறை இன்னும் அடங்கும். ஒவ்வொரு பிள்ளையையும் அழைத்துப் போக உரிமையுள்ள மூன்று பேரின் பெயரும் படமும் ஆயாம்மா கையில் இருக்க வேண்டும். அதில் இல்லாதவர் சொந்த மாமாவே என்றாலும், வீட்டுக்கு போன் செய்யாமல் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

12.30 தாண்டியும் இரண்டு மூன்று பேர் மிஞ்சுவார்கள். மீன் விற்றுத் தீராமல் அம்மா வரத் தாமதமாகும். அவர்களை வாசல் பக்கம் நிற்கவைத்து, போகிற பிள்ளைகளைப் பார்க்கவிடாதீர்கள். உள்ளே அவர்களுக்கென்று ஒரு வேலை வைத்திருங்கள்: பெயர் அட்டைகளை ‘பள்ளி’ பலகையிலிருந்து ‘வீடு’ பலகைக்கு மாற்றுவது, படத் தொடரில் கிளிப்பை மறுபடி முதல் படத்துக்குக் கொண்டுபோவது. அம்மா வந்து நிற்கும்போது ‘ஏன் லேட்டு?’ என்று பிள்ளை முன்னால் கேட்க வேண்டாம், மாலையில் போனில் பேசிக்கொள்ளலாம். பிள்ளை தன்னுடைய அட்டையைக் கடைசியாக மாட்டிவிட்டுப் போகட்டும்.